நேசன் நின்ற பிறகு: கோலாலம்பூரில் இரண்டு நூல் வெளியீடுகள்

1924ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய தமிழ் நேசன், 2019 பிப்ரவரி முதல் கடைக்கு வரவில்லை. தொடர்ந்து ஏற்பட்ட நட்டமே காரணம் என்று நிர்வாகம் சொன்னது. 94 ஆண்டுகள் வந்த நாளிதழ் என்பதால் இரங்கல் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. போருக்கு முந்தைய மலாயா, சுதந்திரம், தோட்டத் துண்டாடல், ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) அரசியல் எல்லாவற்றையும் பார்த்த ஏடு என்று பலரும் எழுதினார்கள். எழுத வேண்டியதுதான்.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது அதைவிடச் சிறிய விஷயம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஏதோ ஒரு மண்டபத்தில் நடக்கும் சாதாரணத் தமிழ் நிகழ்ச்சியின் செய்தி, நடப்பதற்கு முன்னும் நடந்த பின்னும் இந்த நகரத்தில் யாரிடம் போய்ச் சேர்கிறது? நான் செயலாளராக இருக்கும் ஒரு சிறிய வாசகர் வட்டம் நடத்திய இரண்டு நூல் வெளியீடுகளை வைத்து இதைப் பார்க்கிறேன். முதலாவது 2016இல், இரண்டாவது 2023இல். எழுத்தாளர் ஒருவரே, ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். இரண்டுமே சிறுகதைத் தொகுப்புகள். வட்டத்தின் பெயரும் ஆசிரியரின் பெயரும் இங்கே தேவையில்லை. பெயரை மாற்றினால் கோலாலம்பூரில் உள்ள எந்தச் சங்கத்துக்கும் இது பொருந்தும்.

மண்டபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த நகரத்தில் தமிழ் நூல் வெளியிடும் எவருக்கும் ஜாலான் சுல்தான் சுலைமானில் உள்ள விஸ்மா துன் சம்பந்தன் கட்டடத்தின் டான்ஸ்ரீ சோமா அரங்கம் மீது ஒரு கண் இருக்கும். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களிடமே பணம் திரட்டித் தோட்டம் வாங்குவதற்காக 1960இல் அப்போதைய ம.இ.கா. தலைவர் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் கட்டடம் அது. பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர்களின் சேமிப்பில் எழுந்த இடத்தில், பால்மரம் சீவியவர்களைப் பற்றிய கதைகளை வெளியிடுவது ஒரு பொருத்தம்தான். எங்களைப் போன்ற சிறு வட்டத்துக்கு இரண்டு முறையும் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில் ஒரு மாடி மண்டபமே கட்டுப்படியானது.

2016: பக்கத்துச் செய்தியைப் படிக்க வந்தவர்கள்

முதல் வெளியீட்டுக்கு நாங்கள் செய்த விளம்பரம் மிகக் குறைவு. ஒரு பக்கத்தில் செய்தியைத் தட்டெழுதி நாளிதழ்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினோம். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, புத்தகக் கடை என்று தெரிந்த இடங்களில் அறிவிப்பை ஒட்டினோம். தெரிந்தவர்களைத் தொலைபேசியில் அழைத்தோம். அவ்வளவுதான்.

நேசனில் அந்த அறிவிப்பு உள்பக்கம் ஒன்றின் கீழ் மூலையில் வந்தது. அந்தப் பக்கத்தின் அமைப்பைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். மேலே செந்தூல் கோயில் ஒன்றின் தீமிதித் திருவிழா, உபயக்காரர்களின் பெயர்களோடு. பக்கத்தில் கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் விளையாட்டுப் போட்டி. கேடயத்தை யார் கையில் யார் கொடுத்தார் என்ற படம். நடுவில் பரதநாட்டிய அரங்கேற்றம். ஓரத்தில் கோட்டும் கண்ணாடியும் அணிந்த ஒரு பெரியவரின் மூன்றாம் ஆண்டு நினைவஞ்சலி. மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று பெயர்ப்பட்டியல். இவற்றின் காலடியில்தான் நாங்கள்.

கதை படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்காக அந்தப் பக்கம் போடப்படவில்லை. தீமிதி எந்தத் தேதி என்று பார்த்தவர், பேரன் படம் வந்திருக்கிறதா என்று தேடியவர், யார் இறந்தார் என்று தினமும் பார்க்கிற வயதுக்கு வந்தவர் ஆகியோர் பார்வை போகிற போக்கில் எங்கள் மூலையிலும் விழுந்தது. ஒரு பிரதியை ஒருவர் மட்டும் படிக்கிற வழக்கமும் அப்போது இல்லை. சாப்பாட்டுக் கடையில் காலையில் மேசைமீது கிடக்கும் நேசன், மதியத்துக்குள் பருப்புக்கறை படிந்து பல கை மாறியிருக்கும்.

அன்று மண்டபத்துக்கு வந்தவர்களில் கணிசமானோரை எங்களில் எவருக்கும் தெரியாது. ரவாங்கிலிருந்து லோரி ஓட்டுநர் ஒருவர் வந்தார். தாம் பிறந்த தோட்டத்தின் பெயரை நூலின் தலைப்பில் பார்த்ததாகச் சொன்னார். செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், எந்தத் தமிழ் நிகழ்ச்சி என்றாலும் போவேன் என்று முன்வரிசையில் உட்கார்ந்தார். காஜாங்கிலிருந்து வந்த ஓர் அம்மையார் தாம் நூல் வாங்க வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நாளிதழில் வந்த பெயர் தம்முடைய ஒன்றாம் வகுப்பு வாத்தியாரின் பெயரா என்று பார்க்க வந்திருந்தார். அவர்தான். "ஐயா, நான் வேலப்பர் மகள்" என்று சொன்னதும், ஆசிரியருக்கு மேடையேற வேண்டிய நேரம் மறந்துபோனது. தலைவர் ஒலிவாங்கியில் இரண்டு முறை அழைக்க வேண்டியிருந்தது.

மலேசியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவைப்படலாம். எங்கள் நாட்டில் தமிழ் நூலுக்கென்று பெரிய கடைச் சந்தை கிடையாது. நூல் பெரும்பாலும் வெளியீட்டு அன்றே விற்கிறது. முதல் நூலைப் பெற ஒரு பிரமுகரை அழைப்பார்கள். அவர் ஓர் உறையை ஆசிரியர் கையில் கொடுப்பார். பிறகு மற்றவர்கள் வரிசையில் வந்து, தத்தம் உறையைக் கொடுத்து, நூலைப் பெற்று, படம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். நூலின் விலையும் உறைக்குள் இருக்கும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கல்யாண மொய் மாதிரி, கொடுப்பவரின் மனமும் ஆசிரியர் அவருக்கு என்ன முறை என்பதும் தொகையைத் தீர்மானிக்கும். மேசையில் ஒருவர் உறையில் உள்ள பெயரைப் படிக்க, இன்னொருவர் நோட்டில் எழுதுவார். பத்து வெள்ளி (ரிங்கிட்) உறையும் வரும், முந்நூறு வெள்ளி உறையும் வரும். அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய பணம் அந்த மாலையில் எழுந்துவிடும். இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன். அரசு மானியமும் பெரிய பதிப்பகமும் இல்லாத ஒரு சிறுபான்மை மொழியில் புத்தகம் தொடர்ந்து அச்சாகிறது என்றால் இந்த உறைகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. அதை எழுதியது நான்தான். நேசன் ஆசிரியர் குழு தலைப்பை மாற்றி, என் உரிச்சொற்களில் பாதியை வெட்டி, இரண்டு படங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டது. சங்கச் செய்திகள் பெரும்பாலும் இப்படித்தான் தயாராயின. நிருபரே வந்து உட்கார்ந்து குறிப்பெடுத்துப் போகும் நிகழ்ச்சிகள் குறைவு. செய்தி எழுதுவதில் ஆபத்தான பகுதி, பிரமுகர்களுக்கு அரசு தரும் பட்டங்கள்தான். டான்ஸ்ரீ, டத்தோஸ்ரீ, டத்தோ என்று வரிசை பிசகினால் மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொலைபேசி ஒலிக்கும்.

நாங்கள் எதிர்பாராதது அந்தச் செய்திக்குப் பிறகு நடந்தது. வாரம் முழுக்க அழைப்புகள். "ஐயா, நேசனில் பார்த்தேன். அன்றைக்கு ஒரு கல்யாணம், வர முடியவில்லை. இரண்டு புத்தகம் எடுத்து வையுங்கள், பையனை அனுப்புகிறேன்" என்கிற ரகம். பந்திங்கிலிருந்தும் ஈப்போவிலிருந்தும்கூட. நூலாய்வு செய்தவர் ஒரு கதையின் முடிவு அவசரமாக இருக்கிறது என்று சொன்னதை நான் ஒரே வரியில் எழுதியிருந்தேன். எந்தக் கதை என்று கேட்டே இரண்டு பேர் வாங்கினார்கள். வெளியீட்டில் விற்காமல் மிஞ்சிய பெட்டிகள் இந்த அழைப்புகளால்தான் காலியாயின.

2023: எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த மண்டபம்

இடையில் நேசன் நின்றது. 2020 மார்ச் 18ஆம் தேதி கொரோனா தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து மண்டபங்கள் மூடப்பட்டன. இலக்கியக் கூட்டங்கள் ஸூமுக்கும் முகநூல் நேரலைக்கும் போயின. மண்டபங்கள் திறந்த பிறகு ஆசிரியரின் இரண்டாவது தொகுப்பை எடுத்தோம்.

இம்முறை அறிவிப்பு முழுவதும் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்). எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகள் அழகான சுவரொட்டி செய்து கொடுத்தாள். வட்டங்களுக்குள் பிரமுகர்களின் முகங்கள், கீழே மண்டபத்தின் பெயர், வரைபடத்துக்கான குறியீட்டுச் சதுரம், தேநீர் உபசரிப்பு உண்டு என்ற வரி. நூலின் தலைப்பு ஏற்பாட்டாளர்களின் சின்னங்களைவிடச் சிறிதாகப் போனது. அதைப் பெரிதாக்கச் சொல்லி வாங்கினோம். நாள், கிழமை, நேரம் எல்லாம் இருந்தன. ஆண்டு இல்லை. இதைப் பின்னால் பேசுகிறேன்.

சுவரொட்டி பரவிய வேகத்தை நாளிதழ் கனவிலும் எட்டியிருக்காது. பழைய மாணவர் குழு, கோயில் நிர்வாகக் குழு, குடியிருப்புக் குழு, ஆசிரியர் குழு என்று ஒரே இரவில் எங்கெங்கோ போனது. நான் அனுப்பிய சுவரொட்டியே வேறு வேறு குழுக்கள் வழியாக, "அவசியம் வாருங்கள்" என்ற அழைப்போடு எனக்குத் திரும்பி வந்தது. அப்போது சிரித்தேன். யோசித்துப் பார்த்தால் இந்த ஆய்வின் மையமே அதுதான். ஒரு குழுவில் இருப்பவர்தான் அடுத்த குழுவிலும் இருக்கிறார். செய்தி பல முறை சுற்றியது. சுற்றியதெல்லாம் ஒரே வட்டாரத்துக்குள்.

மண்டபம் காலியாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். 2016ஐப் போலவே நிறைந்தது. உறைகளும் குறையவில்லை. வந்தவர்களை வரவேற்பு மேசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்: எழுத்தாளர்கள், தமிழாசிரியர்கள், பிற சங்கங்களின் செயலாளர்கள், ஆசிரியரின் உறவினர்கள். எவரிடமும் பெயர் கேட்க வேண்டியிருக்கவில்லை. நோட்டில் எழுதியவர் உறையைப் பார்க்காமலேயே பெயரை எழுதினார். ரவாங் லோரி ஓட்டுநரைப் போல ஒருவர் இல்லை. அன்று வந்தவர்களில் பலரின் நூலை நாங்கள் போன மாதம் உறை கொடுத்து வாங்கியிருந்தோம். அவர்கள் இப்போது எங்களிடம் வாங்கினார்கள். பணம் ஒரே கூட்டத்துக்குள் கைமாறிக்கொண்டிருந்தது.

அன்று மாலை நடந்தவற்றில் மிகச் சிறந்தது, ஒரு கல்லூரி விரிவுரையாளரின் நூலாய்வு. தொகுப்பில் உள்ள மூன்று கதைகளில் வருவது ஒரே தோட்டம்தான் என்று அவர் காட்டினார். முதல் கதையில் ஆயக்கொட்டகைப் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகப்) பிள்ளையாக ஒரு வரியில் வந்து போகும் சிறுமிதான் மூன்றாவது கதையில் தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண் என்று பக்க எண்களோடு சொன்னார். ஆசிரியரே ஆச்சரியப்பட்டார். ஆனால், அவள் எப்படித் தோட்டத்தைவிட்டு வெளியேறினாள் என்பதுதான் எழுதப்படாத நான்காவது கதை, அதை ஏன் தவிர்த்தீர்கள் என்று கேட்டார். பின்வரிசைவரை பேச்சு அடங்கியது.

அந்தக் கேள்வி இன்று எங்கே இருக்கிறது? மறுநாள் குழுக்களில் படங்கள் வந்தன. பொன்னாடை போர்த்தும் படம், முதல் நூல் பெறும் படம், குத்துவிளக்கு, கூட்டமாக நின்று கட்டைவிரல் உயர்த்தும் படம். "சிறப்பான நிகழ்ச்சி, வாழ்த்துகள்" என்று வரிசையாக மறுமொழிகள். முகநூல் நேரலைப் பதிவு ஒன்று உண்டு; மூன்று மணி நேரம் ஓடும், தொடக்கத்தில் நெடுநேரம் வெறும் மேடை. விரிவுரையாளர் பேசும் இடத்தில் கேமரா வைத்திருந்தவர் தேநீருக்குப் போய்விட்டார் போலும், படம் தூணைக் காட்டுகிறது. குரலோடு மின்விசிறிச் சத்தமும் கலந்திருக்கிறது. அதில் அந்தக் கேள்வியைத் தேடிப் போய் எடுப்பவர் யார்?

வெளியீட்டுக்குப் பிறகு ஓர் அழைப்புகூட வரவில்லை. மிஞ்சிய பெட்டிகள் ஆசிரியர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன.

நேசன் மட்டும்தான் காரணமா

அப்படிச் சொல்வது எளிது. உண்மை அவ்வளவு நேர்க்கோடாக இல்லை. நேசன் நின்றபோது மலேசிய நண்பன், மக்கள் ஓசை, தமிழ் மலர் ஆகியவை வந்துகொண்டிருந்தன. 2023 வெளியீட்டுச் செய்தியை ஒரு நாளிதழுக்கு அனுப்பினோம். அறிவிப்பாகச் சிறிய அளவில் வந்தது. அதனால் ஒருவர் வந்ததாகவும் தெரியவில்லை. அரசின் தமிழ் வானொலியான மின்னல் பண்பலையிலும் இப்படியான அறிவிப்புகளைச் சொல்கிறார்கள். வானொலியில் சொன்னது கேட்டவர் காதோடு போயிற்று.

நேசன் நிற்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் வாசகர்கள் குறைந்துகொண்டிருந்தார்கள். தோட்டங்கள் மூடப்பட்டு மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்த பிறகு, கடைவாசலில் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்கிற இடமே இல்லாமல் போயிற்று. தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று இதற்குச் சிலர் காரணம் சொல்வதை நான் ஏற்கவில்லை. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன; அங்கே படித்து வெளியேறியவர்கள் புலனத்தில் தமிழில்தான் பண்டிகை வாழ்த்து அனுப்புகிறார்கள். படிப்பவர்கள் இருக்கிறார்கள். தாம் தேடாத ஒன்றையும் பார்க்க நேர்கிற பொதுப் பக்கம்தான் அவர்கள் கையில் இல்லை. கைப்பேசி ஒவ்வொருவருக்கும் அவரவர் விரும்புவதையே காட்டுகிறது. தீமிதி பார்ப்பவருக்குத் தீமிதி, கதை படிப்பவருக்குக் கதை. எங்கள் அறிவிப்பு நினைவஞ்சலிக்குக் கீழே இருந்ததுதான் அதன் பலம் என்பது 2016இல் எங்களுக்கே தெரியாது. கீழ் மூலையில் போட்டுவிட்டார்களே என்று செயலவையில் குறைபட்டவர்கள் உண்டு.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பழைய தமிழ் ஏடுகள் நிகழ்ச்சிச் செய்தியை வெளியிட்டதோடு நிற்காமல் நிகழ்ச்சிகளை உண்டாக்கவும் செய்தன. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நேசனில் நடத்திய கதை வகுப்பு, எழுதத் தொடங்கியவர்களுக்குப் பயிற்சி தந்து ஒரு தலைமுறையை உருவாக்கியது. பின்னர் முருகு சுப்பிரமணியன் ஆசிரியராக இருந்த காலத்தில் வந்த பவுன் பரிசுத் திட்டம், சிறுகதைக்குத் தங்கத்தில் விலை வைத்தது. இன்றைய மூத்த எழுத்தாளர்கள் சிலர் தமக்குக் கிடைத்த பவுனைப் பற்றி இன்றும் பேசுவார்கள். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தமது தமிழ் முரசு நாளிதழ் வழியாக நடத்திய 'தமிழ் எங்கள் உயிர்' நிதித் திரட்டு, மலாயாப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் படிப்புக்காகச் சாதாரணத் தொழிலாளர்களிடம் வெள்ளி வெள்ளியாகச் சேர்த்தது. ஏடு நின்றால் அறிவிப்புப் பலகை மட்டுமா போகிறது, ஊரில் ஓர் ஏற்பாட்டாளரும் போகிறார்.

பழைய பக்கத்தின் குறைகள்

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அந்தப் பக்கங்கள் பொற்காலம் என்று யாராவது முடிவு கட்டினால் அதையும் மறுப்பேன். நிகழ்ச்சிச் செய்தி என்றால் பிரமுகர் செய்தி என்றே ஆகியிருந்தது. திறப்புரை ஆற்றியவர் பேசியது நாலு பத்தி. இரண்டு மணி நேரம் ஆடிய பெண்ணின் பெயர் கடைசி வரியில். மிருதங்கம் வாசித்தவர் பெயர் இருக்கவே இருக்காது. அரங்கேற்றம் என்றால் குருவின் பெயரும் பெற்றோரின் தொழிலும் வரும், என்ன வர்ணம் ஆடினாள் என்பது வராது. நாடகம் என்றால் "பார்வையாளர்களை வெகுவாகக் கவர்ந்தது" என்பதோடு சரி. கதை என்ன என்று தெரியாது.

அரசியல் இன்னொரு பக்கம். நேசன் நெடுங்காலம் ம.இ.கா. தலைவராக இருந்த ச. சாமிவேலுவின் குடும்பத்தின் கையில் இருந்தது. கட்சி அணி பிரிந்த காலங்களில் தமிழ் நாளிதழ்களும் ஆளுக்கொரு அணியில் நின்றன. எந்தப் பிரமுகரை அழைத்தோம் என்பதைப் பொறுத்து, எந்த ஏட்டில் எவ்வளவு இடம் கிடைக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்க முடிந்தது. சங்கங்களும் அதற்கேற்ப அழைப்பிதழ் அடித்தன. இப்போது அந்தத் தொல்லை கொஞ்சம் குறைந்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. செல்லியல், செம்பருத்தி, வல்லினம் போன்ற இணையத் தளங்கள் வந்த பிறகு, பொன்னாடையைத் தாண்டி எழுத இடமும் கிடைத்தது. வல்லினம் இலக்கிய நிகழ்ச்சிகளைப் பற்றிப் பக்கக் கணக்குப் பார்க்காமல் எழுதியிருக்கிறது. ஆனால் அங்கே போகிறவர் ஏற்கெனவே இலக்கிய வாசகர். காஜாங் அம்மையார் அங்கே போகமாட்டார்.

ஆண்டு இல்லாத சுவரொட்டி

என் கணிப்பில், அறிவிப்பு சுருங்கியதைவிடப் பெரிய இழப்பு நிகழ்ச்சிக்குப் பிந்தைய பதிவு இல்லாமல் போனது.

1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, மலேசியாவில் அச்சாகும் நூலின் பிரதிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். எங்கள் ஆசிரியரின் இரண்டு தொகுப்புகளும் அங்கே போயிருக்கின்றன. ஆகவே ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் அந்தக் கதைகளைப் படிக்கலாம். அந்தக் கதைகளை அவற்றின் காலத்து வாசகர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று அவர் தேடினால், 2016க்கு ஒரு நாளிதழ்த் துண்டு கிடைக்கும். 2023க்கு ஒன்றும் கிடைக்காது. போருக்கு முந்தைய மலாயாத் தமிழர் வாழ்க்கையை ஆராய்பவர்கள் இன்று சிங்கப்பூர்த் தேசிய நூலகம் மின்படியாக்கி வைத்திருக்கும் பழைய தமிழ் முரசு இதழ்களை வீட்டிலிருந்தே புரட்டுகிறார்கள். எந்தத் தோட்டத்தில் எந்த நாடகம் போட்டார்கள், எந்தச் சங்கத்தில் யார் பேசினார்கள் என்பதெல்லாம் அப்படித்தான் தெரியவருகிறது. அந்தக் காலத்துச் சங்கச் செயலாளர் ஒருவர் எழுதி அனுப்பிய நாலு வரி அது.

இப்போது உள்ள பொருள் என்ன? சுவரொட்டிகள். அவை படங்கள், எழுத்துகள் படத்துக்குள் சிக்கியிருப்பதால் தேடினால் அகப்படுவதில்லை. கணினியில் தமிழ் எழுத வழிசெய்த முரசு அஞ்சலும், கைப்பேசிக்கு வந்த செல்லினமும் இந்த ஊரைச் சேர்ந்த முத்து நெடுமாறனின் கைவேலை. அப்படிப்பட்ட ஊரில் தமிழ் அறிவிப்புகள் தேட முடியாத படங்களாகச் சுற்றுவதை என்னவென்று சொல்வது! போதாக்குறைக்கு ஆண்டு இல்லை. இதை எழுதுவதற்காக என் கைப்பேசியில் இருந்த பழைய சுவரொட்டிகளைப் புரட்டினேன். "ஞாயிறு, மாலை 5.00" என்று இருக்கிறது; எந்த ஆண்டு ஞாயிறு என்று கண்டுபிடிக்க, ஒரு பிரமுகர் அப்போது டத்தோவா டத்தோஸ்ரீயா என்று பார்த்துக் கணக்குப் போட வேண்டியிருந்தது. பட்டங்கள் ஒரு வழியாக உதவியது அங்கேதான்.

சங்கப் பதிவகத்துக்கு ஆண்டுதோறும் அறிக்கை அனுப்புகிறோமே என்று கேட்கலாம். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் கேட்பது நிர்வாகிகளின் பெயர், பொதுக்கூட்டம், வரவுசெலவு. மிஞ்சினால் "நூல் வெளியீடு நடத்தப்பட்டது" என்று ஒரு வரி சேரும். நான்காவது கதை அதில் வராது.

இப்போது செய்வது

2023 வெளியீட்டின் கணக்கை முடித்த செயலவைக் கூட்டத்தில் இதைப் பேசினோம். தீர்மானம் எளிமையானது. சுவரொட்டியோடு அதே விவரம் எழுத்தாகவும் போக வேண்டும், ஆண்டு கட்டாயம். நிகழ்ச்சி முடிந்து இரண்டு நாளுக்குள் ஒரு பக்கச் செய்தி எழுதப்பட வேண்டும். அதில் நூலைப் பற்றிச் சொல்லப்பட்டது முதலில் வர வேண்டும், குறை சொன்னாலும். பிறகுதான் யார் தலைமை, யார் முதல் நூல். அந்தப் பக்கம் நாளிதழ்களுக்கும் இணையத் தளங்களுக்கும் போகும். ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் அச்சிட்டுக் கட்டி, ஒரு பிரதியைப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுப்போம்.

எதிர்ப்பு வராமல் இல்லை. பொருளாளர் கட்டுக்கூலியைக் கேட்டார். மூத்த உறுப்பினர் ஒருவர், "செயலாளரே, டான்ஸ்ரீ பெயர் மூன்றாம் பத்தியில் வந்தால் அடுத்த முறை அவர் வருவாரா?" என்றார். நியாயமான கேள்வி, அவருடைய உறையில்தான் அச்சுக்கூலியில் ஒரு பெரிய பகுதி வந்தது. கடைசியில் பிரமுகர் பெயர்களைத் தனிக் கட்டம் போட்டு மேலே வைப்பது, செய்தியைக் கீழே அதன் போக்கில் விடுவது என்று சமரசம் ஆயிற்று. நூலாசிரியர்களும் முணுமுணுக்கிறார்கள்: மேடையில் குறை சொன்னால் பரவாயில்லை, அதை எழுதியும் வைக்க வேண்டுமா என்று.

அந்நியர்களை மண்டபத்துக்கு அழைத்து வருவது இன்னும் கைகூடவில்லை. பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் சாப்பாட்டுக் கடைகளில் தாளில் அச்சிட்ட அறிவிப்பை மறுபடியும் ஒட்டத் தொடங்கியிருக்கிறோம். சில கடைக்காரர்கள் சுவரில் இடமில்லை, கண்ணாடியில் ஒட்டினால் கறைபடும் என்கிறார்கள். கோயில் திருவிழா அறிவிப்புக்கு இடம் தருகிறவர்கள் எங்களுக்கும் அதன் கீழே ஒரு சாண் தருகிறார்கள். அந்த இடத்தைத்தான் கேட்டு வாங்குகிறோம். விரிவுரையாளர் கேட்ட கேள்வியை அவரிடமே எழுதி வாங்கியாயிற்று. அடுத்த வெளியீட்டுக்குச் செய்தி எழுதும் பொறுப்பைச் செயலவையில் இல்லாத ஒருவரிடம் கொடுத்திருக்கிறோம். தமிழ்ப்பள்ளியில் படித்து, வங்கியில் வேலை பார்க்கும் இளம்பெண். எங்களில் எவருக்கும் உறவு இல்லை. நிகழ்ச்சியை முழுதாக உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. தனக்கு மேடைக்கு அருகில் நாற்காலி வேண்டாம், பின்வரிசையில் மின்விசிறிக்குத் தள்ளி ஓர் இடம் போதும் என்று கேட்டிருக்கிறார்.